வாயைத் திறந்து காட்டுங்க

"வாயைத் திறங்க அப்பா. நாக்கைத் தூக்குங்க."

பித்தப்பை ஆபரேஷன் முடிந்து கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார். நர்ஸ் குனிந்து பார்த்தாள்.

"இன்னும் ஒரு வாய் தண்ணி குடிச்சிடுங்க" என்று டம்ளரை நீட்டினாள்.

பக்கத்தில் நின்ற மகனுக்குச் சுருக்கென்றது.

"ஏன் சிஸ்டர், எங்கப்பா என்ன மாத்திரைத் திருடனா? ஒவ்வொரு தடவையும் வாய்க்குள்ள எட்டிப் பார்க்கறீங்க?"

"முழுங்கினதைப் பார்த்துட்டுத்தான் நாங்க நகரணும் சார். வலி அடங்கினாத்தான் நல்லா மூச்சு இழுத்து விடுவாங்க, இருமுவாங்க, எழுந்து நடப்பாங்க."

"ஒரு ஆபீஸையே கட்டி மேய்ச்சவர் அவர். அவர்கிட்ட போய் நாக்கைத் தூக்கு, பல்லைக் காட்டுன்னா?"

"விடுப்பா" என்றார் பெரியவர்.

மகன் விடவில்லை. அப்பாவுக்காகச் சண்டை போடுகிற பிள்ளை என்று பெயர் வாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? நேரே தலைமை நர்ஸின் அறைக்குப் போய் ஒரு பிடி பிடித்தான். வார்டே வேடிக்கை பார்த்தது. அன்று சாயங்காலமே அந்த நர்ஸை வேறு மாடிக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்து வந்தவள் சின்னப் பெண். மாத்திரையை உள்ளங்கையில் வைப்பாள், தண்ணீரை நகர்த்தி வைப்பாள், மகனைப் பார்த்து அரைகுறையாகச் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள்.

"இப்பதான் மரியாதை தெரிஞ்சு நடக்கறாங்க" என்று மனைவியிடம் போனில் பெருமையடித்துக்கொண்டான்.

பெரியவரோ நடக்கக் கூப்பிட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்றார். இருமல் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடக்கினார். "வலிக்குதாப்பா?" என்று கேட்டால், "சேச்சே, அதெல்லாம் இல்ல" என்றார். மகனும் நம்பினான். நம்புவது சுலபமாக இருந்தது.

பிறகு காய்ச்சல் வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கியது.

நெஞ்சில் வைத்த ஸ்டெதாஸ்கோப்பை எடுத்த டாக்டரின் முகம் மாறியது.

"நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. தையல் வலிக்குப் பயந்து இருமாமலே இருந்திருக்கார். வலி மாத்திரை ஒழுங்காத்தானே போகுது? சரி, உடனே ஐசியூவுக்கு மாத்துங்க."

தூக்கி மாற்ற ஆள் போதாமல் அந்தப் பழைய நர்ஸையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் தலையணையை நகர்த்தினாள். உறைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சு விழுந்தது. அவிழ்த்துப் பார்த்தால், அத்தனையும் வலி மாத்திரை.

மகன் அந்த நர்ஸின் பக்கம் திரும்பினான்.

"சிஸ்டர்... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கன்னத்துல ஒதுக்கி வைக்கறார்னு தெரியும் சார். உங்க எதிர்ல சொன்னா அவருக்குத் தலைகுனிவுன்னு தண்ணி மட்டும் கொடுத்தேன். அடுத்து வந்த பொண்ணுகிட்டயும் சொல்லிட்டுத்தான் போனேன். அவளுக்கு உங்களைப் பார்த்தா பயம்."

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று அவனுக்கு முதல் தடவையாகத் தோன்றியது. கட்டிலோரம் குனிந்தான்.

"ஏன்ப்பா இப்படிப் பண்ணீங்க? யாருக்குப்பா இதெல்லாம்?"

பெரியவர் ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார்.

"உங்கம்மாவுக்குடா. முழங்கால் வலியில ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கறா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன்னு கேட்டதுக்கு, 'வயசானா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோங்க'ன்னு சொல்லிட்டியாமே. அவளால முடியலடா. அதான் நான் பொறுத்துக்கிட்டேன்."