ராஜா கூப்பிடாத வேலை

நைல் நதிக்கரையில் ஒரு ராஜாவை அடக்கம் செய்தபோது, மேலுலகத்தில் அவருக்கு வயல்வேலை பார்க்க மண்வெட்டியோடு ஒரு மரப்பொம்மையையும் கூடவே வைத்தார்கள். ராஜா எப்போது கூப்பிடுவார் என்று பொம்மை காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அவர் வாயே திறக்கவில்லை.

ஒரு வருஷம் வெள்ளம் சுவரில் விரிசல் உண்டாக்கி, கல்லறைக்குள் வண்டலை விட்டுப் போனது. படையலில் சிதறிய பார்லி மணி ஒன்று அதில் ஊறிக் கிடந்தது. அது பொம்மையைக் கூப்பிட்டது.

"அண்ணே, அதோ வெளிச்சம் விழுகிற இடத்தில் கொஞ்சம் கொத்தி என்னைப் போடுங்களேன். முளைத்துவிடுவேன்."

"உத்தரவில்லாமல் எப்படி? ராஜா எழுந்து கேட்டால் என்ன சொல்வேன்?"

"எழுந்தால் முதலில் அவருக்குப் பசிக்கும் அண்ணே."

பொம்மை ராஜாவை ஒருதரம் திரும்பிப் பார்த்தது. பிறகு, முதன்முறையாக, மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கியது.