துரைக்குப் படையல்

தொம்மலூர் அபார்ட்மென்ட் செக்ரட்டரி தயாளன், காம்பவுண்டுக்குள் இருந்த பழைய கல்லறையின் எழுத்தைப் பெருமையோடு படித்தார். ‘மேஜர் ஹார்விக். கோட்டைச் சண்டையில் தன்னந்தனியாகப் பன்னிரண்டு எதிரிகளை வீழ்த்திப் பதக்கம் பெற்ற வீரர்.’

பார்க்கிங்குக்காகக் கல்லறையை கேட் அருகே மாற்றுவதாக முடிவு. ஜேசிபி தயாராக நின்றது.

பெருக்குகிற பச்சையம்மா, வெள்ளிக்கிழமை வழக்கப்படி கல்லறையோரம் சுருட்டுகளை வரிசையாக வைத்தாள்.

"ஒரு துரைக்கு இத்தனை சுருட்டா?" என்றார் தயாளன்.

"தோண்ட வேணாம் சார். எங்க தாத்தா காலத்துலேருந்து படையல் வெச்சுத்தான் அடக்கி வெச்சிருக்கோம்."

"துரையை மரியாதையாத்தான் எடுப்போம், பயப்படாதே."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தயாளன் கைகாட்ட, ஜேசிபி உறுமிக்கொண்டு கல்லைப் புரட்டியது.

அடியில் சவக்குழி இல்லை. ஒரு பாழுங்கிணறு வாய் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளிருந்து சில்லென்று காற்று வந்தது.

"துரை சீமைக்குத் திரும்பிப்போய், வயசாகித்தான் செத்தாரு சார்," என்றாள் பச்சையம்மா, பின்னால் நகர்ந்தபடி. "இதுல கெடக்கறது, கையைக் கட்டி அவரு உயிரோட தள்ளின எங்க ஆளுங்க."

தயாளன் அப்போதுதான் சுருட்டுகளை எண்ணினார். பன்னிரண்டு.

யாரும் பற்றவைக்கவில்லை. பன்னிரண்டும் புகைந்துகொண்டிருந்தன.