கிராம்புத் தைலம் ஒரு சொட்டு

பதினேழாவது கோப்பையில் அவனுக்குச் சந்தேகம் வந்தது.

கரண்டியில் மொண்டு சர்ரென்று உறிஞ்சினான். நாக்கின் மேல் உருட்டினான். வாளியில் துப்பினான்.

தெரிந்ததெல்லாம் கிராம்பு.

காலையில் ஒரே ஒரு சொட்டுத் தைலம்தான் விட்டான். கீழ்க் கடைவாயின் ஞானப்பல் இந்த வருடத்தில் நான்காவது முறையாகக் குடைந்தது. விடாமல் இருக்க முடியவில்லை.

குன்னூரில் தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்கிறவன் எவனும் வாயில் கிராம்பு வைக்க மாட்டான்.

சட்டைப் பையில் பல் டாக்டரின் சம்மதப் படிவம். இரண்டு நாளாக மடித்தபடியே.

"கீழே ரெண்டு பக்கமும் பல்லு படுத்துக்கிட்டிருக்கு சார். எடுத்துடலாம். ஆனா நரம்பு பக்கத்துலயே ஓடுது. உதடு, நாக்கு மரத்துப்போகலாம். பெரும்பாலும் சரியாயிடும்."

பெரும்பாலும்.

அந்த ஒரு சொல்லோடு இரண்டு இரவு படுத்திருந்தான். அவனுக்குச் சம்பளமே நாக்குக்குத்தான்.

குறிப்பேட்டில் பதினேழுக்கு நேரே 'நன்று' என்று எழுதினான். அடுத்த கோப்பைக்கு நகர்ந்தான்.

பின்னால் ரெஜினா வந்துகொண்டிருந்தாள். வேலை பழக வந்து மூன்று மாதம். பதினேழை உறிஞ்சினாள். நின்றாள். மறுபடி உறிஞ்சினாள்.

"சார், இது புகை வாடை அடிக்குதே."

அவன் திரும்பினான். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"இல்ல... எனக்குத்தான் அப்படித் தெரியுதோ என்னவோ."

ஆமாம் என்று சொன்னால் போதும். நம்பிவிடுவாள். அந்தச் சரக்கு ஏலத்துக்குப் போய்விடும். நாளை முதல் அவள் தன் நாக்கையே சந்தேகிப்பாள்.

தாடைக்குள் பல் குடைந்தது.

'நன்று' என்பதை அடித்தான்.

"உனக்குச் சரியாத்தான் தெரியுது. எனக்குத்தான் தெரியல."

எடுத்தால் நாக்கு போனாலும் போகலாம். எடுக்காவிட்டால், இதோ, சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கிறது.

படிவத்தைப் பிரித்து மேசையில் வைத்தான். ஒரு மூலை தேநீரில் நனைந்தது. கையெழுத்து கோணலாக விழுந்தது.

"மத்ததெல்லாம் நீயே பார்த்து எழுது. ஒண்ணு முதல் பதினாறு வரைக்கும் மறுபடி பாரு. மூணு மணிக்கு நான் பல்லை எடுக்கப் போறேன்."

"பயமா இருக்கா சார்?"

"பின்ன?"

அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டரைக்குள்ள இந்தக் கிராம்பு வாடை போயிடும். அப்ப எனக்கு ஒரு டீ போட்டுக் குடு. குடிச்சிட்டுப் போறேன்."

"எந்த டீ சார்?"

இந்த வேலைக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

மேசை நெடுக நூற்றிருபது கோப்பைகள்.

முதல் கோப்பையிலிருந்து மெதுவாக நடக்க ஆரம்பித்தான்.