கட்டிலுக்குக் கீழே ஒரு பாய்

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே காப்பீட்டை எடுப்பானேன், ஆளுக்கொன்றாக எடுத்தால் எது வந்தாலும் சமாளிக்கலாமே என்று கணக்குப் போட்டவர் தயாபரன்தான். அவருக்கு உள்நோயாளித் திட்டம், மனைவி மரகதத்துக்கு வெளிநோயாளித் திட்டம். காய்ச்சலோ இரண்டு பேருக்கும் சேர்ந்தே வந்தது.

காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய கட்டில் பேசும். அதில் படுத்திருக்கும்வரை, வீட்டிலேயே இருந்தாலும் அவர் உள்நோயாளி. தரையில் கால் வைத்தால் காப்பீடு போச்சு. மரகதத்தின் கையில் கம்பெனி மாட்டிவிட்ட பட்டைக்கோ அவள் நடமாடிக்கொண்டே இருக்க வேண்டும். படுத்தால் அது கத்தும், அவளுடைய காப்பீடு போச்சு.

அவர் ராஜா மாதிரி படுத்திருக்க, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கஞ்சி காய்ச்சினாள்.

"ஏனுங்க, தலை சுத்துதுங்க."

"கொஞ்சம் பொறுத்துக்க மரகதம். நாளைக்குச் சரியாப் போயிரும்."

அவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. கட்டிலைப் பார்த்துக் கேட்டாள்: "ஆஸ்பத்திரின்னா நோயாளிகூடத் துணைக்கு ஒரு அட்டெண்டர் இருக்கோணுமில்ல?"

"கட்டாயம்," என்றது கட்டில். "கீழே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம்."

பட்டையும் அந்த அட்டெண்டர் வேலையை நடமாட்டக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வாயை மூடியது. பாயில் சாய்ந்தவள் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டாள். உடம்பு மட்டும் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது.

தயாபரன் எட்டிப் பார்த்தார். தன் கம்பளியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"உள்நோயாளி இறங்கிவிட்டார்! காப்பீடு ரத்து!" என்று அலறியது கட்டில்.

"மெதுவாப் பேசு," என்றார் அவர், கம்பளியை அவள்மேல் இழுத்துவிட்டபடி. "அட்டெண்டர் தூங்கறாங்க."