ஈரம் படியாத மூடி

போரில் தோற்றபின் தளபதி குராமிட்சு டோக்கியோ சிறையில் இருந்த நாளெல்லாம், மனைவி ஹிசாயோ காலையில் அவருக்கும் தட்டு வைத்தாள். வீட்டில் இல்லாதவர் பசித்திருக்கக் கூடாதென்று வைக்கிற சோறு. சூப்புக் கிண்ண மூடியின் உட்புறம் ஈரம் படிந்தால் அவர் உயிரோடிருக்கிறார் என்று அர்த்தம்.

பக்கத்தில் மகன் தெய்ஜிக்கும் ஒரு தட்டு. கடைசி ஆள்வரை நிற்கச் சொன்ன அப்பாவின் ஆணைப்படி ஒரு தீவில் நின்றவன். அவன் அஸ்தி என்று வீட்டுக்கு வந்த பெட்டியில் ஒரு கூழாங்கல்தான் இருந்தது.

நீதிமன்றத்தில் தளபதிக்குத் தம் பதக்கங்கள் அத்தனையும் தேதியோடு நினைவிருந்தன. அந்த ஆணை மட்டும் நினைவில்லை. அன்றிலிருந்து அவர் மூடி காய்ந்தே கிடந்தது. தெய்ஜியின் மூடி நனைந்திருந்தது.

விடுதலையாகி வந்தவர், அணிவகுப்புக் குரலில் அதட்டினார்.

"நான்தான் வந்துட்டேனே, இன்னொரு தட்டு எதுக்கு?"

"தெய்ஜி வரலையேங்க."

"அவன் செத்து நாலு வருஷமாச்சு!"

"பரவாயில்லையே, இது ஞாபகமிருக்கே" என்றாள் ஹிசாயோ அலுப்போடு. "ஆறிடும், சாப்பிடுங்க."

தளபதி மூடியைத் திறந்தார். சூப்பில் ஆவி பறந்தது, மூடி காய்ந்திருந்தது. அதை வாயருகே பிடித்துப் பலமாக ஊதினார். மறுபடியும் ஊதினார். ஈரம் படியவில்லை.

ஹிசாயோ மகனின் மூடியை எடுத்தாள். பாயில் சொட்டியது.