வெளங்கல சேர்!

"சேர், இந்த 'ஓல்சோ' எங்க வரும்? இன்னொருக்கா சொல்லுங்களேன், வெளங்கல."

வினோதா கை தூக்கியதுமே வகுப்பு கொல்லென்று சிரித்தது.

மேர்வின் சேர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இப்பதானே அரை மணித்தியாலமா தொண்டை கிழியக் கத்துனேன்? 'டூ' வசனத்தோட கடைசியில. 'ஓல்சோ' வினைச்சொல்லுக்கு முன்னால. 'ஐ ஓல்சோ வோர்க் ஹியர்', நானும் இங்கதான் வேலை செய்றேன். போதுமா?"

"'இஸ்' வந்தா, சேர்?"

"அதுக்குப் பின்னால! 'ஷி இஸ் ஓல்சோ மை ஃப்ரெண்ட்.' கடவுளே!"

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வாசகசாலையில் தினமும் நாலு மணிக்கு இந்த இங்கிலீஷ் வகுப்பு. சேர் காசு வாங்காமல் சும்மாதான் படிப்பிக்கிறார். ஆனால் சட்டதிட்டம் ஜாஸ்தி. போன் அடித்தால் வெளியே. பராக்குப் பார்த்தாலும் வெளியே. பிந்தி வந்தால் பின் வாங்கில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்.

நாகலெட்சுமிக்கு என்றைக்கும் பின் வாங்குதான். மலையில் கொழுந்து பறித்து, நிறுவை முடித்து ஓடி வர நாலரை ஆகிவிடும்.

சேர் அவளைக் காட்டினார்.

"அந்தப் புள்ளயப் பாரு. பிந்தி வந்தும் டக்குன்னு புடிச்சுக்குது. இன்னைக்கு வரைக்கும் ஒரு கேள்வி கேட்டிருக்கா? ஒன் மண்டையில என்ன, களிமண்ணா?"

வினோதா தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் 'ஈதர்'. "'நொட்' வர்ற வசனத்துல 'டூ' போடாத, 'ஈதர்' போடு" என்று சேர் முடித்த கையோடு வினோதா மறுபடி எழுந்து நின்றாள்.

"வெளங்கல சேர்."

'பிசைட்ஸ்' வந்த நாளும் அதே கதைதான். சேருக்குப் பொறுமை போய்விட்டது.

நுவரெலியாவில் ஒரு ஹோட்டல், ரிசெப்ஷனுக்கு ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தது. சேர் யார் பேரைக் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் நேர்முகப் பரீட்சை. வினோதா ஆறு மாதமாக அந்த வேலைக்குத்தான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் பரீட்சை வைத்தார். தாளைத் திருத்த முன்பே நாகலெட்சுமியின் பேரை ஹோட்டலுக்கு அனுப்பியும் விட்டார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை நாலு மணிக்கு வந்தவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"வினோதா, எந்திரி. நாகலெட்சுமிக்கே தொண்ணூத்தாறு. ஒனக்கு நூத்துக்கு நூறு. யாரப் பாத்து எழுதின?"

"யாரையும் பாக்கல சேர். முன் வாங்குல தனியாத்தானே ஒக்காந்திருந்தேன்."

"பொய் சொல்லாத! தெனமும் வெளங்கல வெளங்கலன்னு என் உசிர வாங்கினியே, அது என்ன?"

வினோதா காலியாகக் கிடந்த பின் வாங்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு நீங்க சொல்லும்போதே வெளங்கிரும் சேர். லெச்சுமிக்குத்தான் பாதிப் பாடம் போயிருது. அதான் அவ வந்து ஒக்காந்ததும் கேப்பேன்."

"ஏன், அவளுக்கு வாய் இல்லையா? அவளே கேக்க வேண்டியதுதானே?"

"பிந்தி வந்தா வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சேர் சொன்னீங்க?"