பூட்டிக் கிடந்த ஆஸ்பத்திரி

முதுகில் கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு மிஸ்ஸி நவமணி ஆபீஸ் வாசலைக் கடந்தபோது, பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு வந்து நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு இருக்கிற ஒரே நர்ஸ், வெள்ளை யூனிபார்மைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய சேலையும் கம்பளிச் சட்டையுமாகக் கிளம்பினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆஸ்பத்திரிக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி காளியண்ணனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்று மத்தியானம் கோலாலம்பூரிலிருந்து கம்பெனி ஆட்கள் அந்த ஆஸ்பத்திரியைத்தான் பார்க்க வருகிறார்கள்.

"என்னம்மா கூத்து இது?" என்று வழிமறித்தார்.

"கொழுந்து கிள்ளப் போறேன் கிராணியாரே. மிஸ்ஸி வேலையைவிட அதுல சம்பளம் கூட. நீங்கதானே சம்பளம் போடுறீங்க, தெரியாதா?"

அவள் சொன்னதில் பொய்யில்லை. கொழுந்து பொங்கும் மாதங்களில் கைவேகமுள்ள பெண்கள் நவமணியைவிட அதிகமாகவே வாங்கினார்கள். அவர்களுக்காகப் பேச யூனியன் இருந்தது. ஒற்றை நர்சுக்கு யார் பேசுவார்கள்? போன வாரம் அவளே எஸ்டேட் மானேஜர் துரை முன்னால் போய் நின்று கேட்டாள். நோயாளி குணமாகிச் சிரித்தால் அதுவே நர்சுக்குச் சம்பளம் என்றார் துரை. பக்கத்தில் நின்ற காளியண்ணன் சும்மா இருந்திருக்கலாம். இந்த வேலையில் கிடைக்கிற புண்ணியத்துக்கு எந்தக் கம்பெனியால் பணம் கட்ட முடியும் என்று தன் பங்குக்கு ஒரு கரண்டி ஊற்றினார்.

இப்போதும் அதே கரண்டியைத் தூக்கினார். நர்ஸ் என்றால் பொறுப்பு வேண்டாமா, ஆத்திர அவசரத்துக்கு ஜனங்கள் எங்கே போவார்கள், என் மகள் அம்சவல்லியே நிறைமாதமாக வீட்டில் இருக்கிறாளே என்று அடுக்கினார்.

நவமணி அவரை நேராகப் பார்த்தாள். "பொறுப்பைப் பத்தி எனக்குப் பாடம் நடத்தாதீங்க. இந்த லயத்து வீடுகள்ல பொறந்த பிள்ளைங்கள்ல பாதி என் கையிலதான் வந்து விழுந்துச்சு. சம்பளம் கூடுற வரைக்கும் அந்தக் கதவு திறக்காது லா. துரைகிட்ட அப்படியே சொல்லுங்க."

சொல்லிவிட்டு நடந்தாள். மற்ற பெண்கள் காலையில் கூடையைத் தொங்கவிட்டுக் கையை வீசிக்கொண்டு மலையேறுவார்கள். இவளோ, சாயங்காலம் எடைபோட வருகிறவள் போலக் குனிந்து குனிந்து நடந்தாள். பழக்கமில்லாத முதுகு, நன்றாகப் படட்டும் என்று காளியண்ணன் கறுவிக்கொண்டார்.

விஷயத்தைக் கேட்ட துரை மேஜையைத் தட்டினார். விருந்தாளிகள் வருவதற்குள் சாவி வர வேண்டும், இல்லாவிட்டால் கிராணி வேறு எஸ்டேட் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

சாவிக்கு வழி தெரியாமல் காளியண்ணன் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது காவல்காரர் பக்கிரிசாமி மூச்சிரைக்க வந்தார். "கிராணியாரே, அம்சவல்லிக்கு வலி கண்டிருச்சு. உங்க சம்சாரம் ஒடனே வீட்டுக்கு வரச் சொல்லுது."

வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் என்ன செய்வது? தலைப்பிரசவம் வேறு. கால் வீங்கியிருக்கிறது, கவனமாக இருக்கணும் என்று போன மாதமே நவமணி எச்சரித்திருந்தாள். தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துரையின் காரைக் கேட்டார். கார் விருந்தாளிகளை அழைத்துவரப் போகணும் என்று துரை தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். லோரியும் தேயிலை ஏற்றிக்கொண்டு மலையிறங்கியிருந்தது.

காளியண்ணன் மலையேறி ஓடினார். பனிமூட்டத்தில் செடிகளுக்கு நடுவே "மிஸ்ஸி! மிஸ்ஸி!" என்று கத்தினார். காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பார். மிஸ்ஸி இந்தப் பக்கமே வரவில்லையே என்றார்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள்.

திரும்பி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து உள்ளே பார்த்தார். மருந்து அலமாரி காலி. கத்தரிக்கோல், பேசின், பஞ்சுக் கட்டு ஒன்றுமே இல்லை.

"திருடி," என்றார். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடிவிட்டாள். மகளுக்கு ஏதாவது ஆனால் அவளைச் சும்மா விடுவதில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளைத் தோளில் தூக்கிப் போட்டாவது ரோட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று வீட்டைப் பார்த்து ஓடினார்.

வாசலில் அந்தக் கொழுந்துக் கூடை இருந்தது. அதில் ஒரு கொழுந்துகூட இல்லை. மருந்துப் புட்டிகளும் பஞ்சும்தான் இருந்தன.

உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. நவமணி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "பேரன். தாயும் பிள்ளையும் சொகம். வழிய விடுங்க, மேல் லயத்துல சிங்காரம் காலுக்கு மருந்து கட்டணும்."

கூடையை எடுத்து முதுகில் மாட்டினாள். காளியண்ணன் கைகூப்பினார். "உனக்குக் கோடிப் புண்ணியம்மா..."

"புண்ணியம் கெடக்கட்டும் கிராணியாரே. போய்த் துரைகிட்ட சொல்லுங்க, ஆஸ்பத்திரி இன்னும் பூட்டித்தான் கெடக்குதுன்னு."